பழைய நேரமும் புதிய நேரமும்

மார்ச் மாதத்துக் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் மாதத்துக் கடைசி ஞாயிறும் முசலிப் பகுதியின் சில வீடுகளில் ஒரு சிறு குழப்பத்தோடு கழிவது வழக்கமாகிவிட்டது. இலண்டனில் வாழும் மகன் பகல் மூன்று மணிக்குத் தாயை அழைத்துப் பேசுவான். இங்கே அப்பொழுது இரவு எட்டரை. மாரிகாலம் முழுவதும் இந்த ஒழுங்கு பிசகுவதில்லை. மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று அதே மகன் அதே மூன்று மணிக்கு அழைக்கிறான்; இங்கோ ஏழரைதான் ஆகியிருக்கிறது. இஷாத் தொழுகைக்கு ஒளுச் செய்துகொண்டிருந்த தாய் ஈரக் கையோடு ஓடிவந்து, "என்ன மகன், ஏதும் சுகமில்லையா?" என்று பதறுகிறாள். "ஒண்டுமில்ல உம்மா, இங்க நேரத்த மாத்திட்டாங்க" என்கிறான் அவன். நேரத்தை மாற்றுவதாவது! வீட்டை மாற்றலாம், வேலையை மாற்றலாம், வேண்டுமானால் கட்சியையும் மாற்றலாம். நேரத்தை எங்ஙனம் மாற்றுவது என்பது அத்தாய்க்கு இன்றுவரை விளங்காத புதிர். மகள் ஒருத்தி ரொறன்ரோவிலும் வாழ்வாளாயின் குழப்பம் இரட்டிக்கும். கனடாக்காரர் மார்ச் மாத இரண்டாம் ஞாயிறே மணிக்கூட்டைத் திருகிவிடுகின்றனர். இடைப்பட்ட இரண்டு மூன்று வாரங்களுக்கு அண்ணனுக்கும் தங்கைக்கும் உள்ள நேர வேறுபாடுகூட ஐந்து மணியிலிருந்து நான்கு மணியாகச் சுருங்கிப் போகிறது.

அம்மாற்றத்தைக் கொண்டாடும் நாட்டினரே அதைக் குறித்து ஓயாது முணுமுணுக்கின்றனர். ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019ஆம் ஆண்டிலே, 2021ஆம் ஆண்டோடு இவ்வழக்கத்தை ஒழித்துவிடலாம் என்று வாக்களித்தது. அங்கத்துவ நாடுகள் தமக்குள் உடன்படாமையால் அது ஏட்டிலேயே நின்றுவிட்டது. அமெரிக்க மூதவை 2022 மார்ச் மாதத்தில் கோடை நேரத்தையே ஆண்டு முழுவதும் நிலைநாட்டும் சட்டமூலம் ஒன்றை நிறைவேற்றியது. மற்றைய அவை அதனை எடுத்துக்கொள்ளவில்லை. ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தைத் திருகுவதும், திருகியபின் சலித்துக்கொள்வதும், சலிப்பு ஆறுமுன் மறுபடி திருகுவதும் மேனாட்டாரின் வாழ்க்கை முறையாகவே நிலைத்துவிட்டன.

வேடிக்கை பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாமும் ஒரு காலத்தில் இந்தச் சுழலில் அகப்பட்டுத் திணறியவர்களே. அதிலும் வடபுலத்தவராகிய நாம் திணறியதுபோல வேறெவரும் திணறியிருப்பரோ என்பது ஐயம்.

1996ஆம் ஆண்டில் இலங்கையை வரட்சி பற்றிக்கொண்டது. அக்காலத்தில் நாட்டின் மின்சாரத்திற் பெரும்பகுதி மகாவலி, களனி கங்கைகளின் நீர்த்தேக்கங்களிலிருந்தே பிறந்தது. நீர் வற்றவே விளக்கும் வற்றியது. நீண்ட மின்வெட்டுகளால் மக்கள் நொந்திருந்த அவ்வேளையில், மே மாதம் 25ஆம் திகதி, அரசாங்கம் நாட்டின் மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளிவைத்தது. மழை பெய்தது, ஆயினும் தள்ளியது முற்றாகத் திரும்பவில்லை. அவ்வாண்டு ஒக்டோபர் 26ஆம் திகதி அரைமணியை மட்டும் மீளக் கொடுத்துவிட்டு, மிகுதி அரைமணியை அரசு தன்னிடமே வைத்துக்கொண்டது. ஒன்பதரை ஆண்டுகள் அந்த அரைமணி திரும்பவில்லை. கடன் வாங்கியவன் பாதியைக் கொடுத்துவிட்டு, மீதியைப் பற்றிப் பேச்செடுக்காமல் தெருவின் மறுபக்கத்தால் நடப்பதை நாம் கண்டிருக்கிறோம் அல்லவா?

இந்த யுக்தியின் மூலத்தைச் சிறிது ஆராய்வது நன்று. வில்லியம் வில்லெற் என்னும் ஆங்கிலேயக் கட்டட ஒப்பந்தகாரர் ஒருவர், கோடைகாலக் காலையில் குதிரையேறி உலாவும் வழக்கமுடையவர். நன்றாக விடிந்த பின்னரும் ஊரார் யன்னற் சீலைகளை இழுத்துவிட்டு உறங்குவதைக் கண்டு மனம் பொறாது, 1907ஆம் ஆண்டிலே பகலொளி வீணாவதைப் பற்றி ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். அவர் 1915இல் மறைந்தார். அடுத்த ஆண்டே, யுத்தத்தில் நிலக்கரியை மிச்சம் பிடிக்க எண்ணிய ஜேர்மனி அத்திட்டத்தை நடைமுறைப்படுத்தியது. சில வாரங்களில் பிரித்தானியாவும் பின்தொடர்ந்தது.

வில்லெற் கண்டது உண்மை. இலண்டன் மாநகரில் யூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரத்துக்கும் மேலானது. டிசெம்பர்ப் பகலோ எட்டு மணி நேரமும் நிறையாதது. கோடையில், மணிக்கூட்டைத் தொடாது விட்டால், அதிகாலை நான்கு மணிக்கு முன்னரே சூரியன் எழுந்துவிடுகிறான். மனிதர் எழுவதற்கு மூன்று மணி நேரம் முன்பாகவே வெயில் வந்து தெருவிற் காத்துக் கிடக்கிறது. காலையில் மிஞ்சிக் கிடக்கும் அந்த ஒளியில் ஒரு மணியை எடுத்து மாலையில் ஒட்டுப்போடுவதே அவர்களுடைய தந்திரம். காலையில் மிச்சம் இருந்தாலன்றோ மாலைக்கு எடுக்கலாம்? சிலாவத்துறையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணித்தியாலந்தான். ஆண்டு முழுவதும் சூரியன் ஆறு மணியைச் சுற்றியே எழுகிறான். நமது மக்களோ அவனுக்கு முன் எழுபவர்கள். சுபஹுத் தொழுகைக்குப் பாங்கு ஒலிக்கும்போது கிழக்கு வெளுத்திராது. கடற்றொழிலாளி அதற்கும் முன்னரே கரையை விட்டுப் போயிருப்பான். வெட்டி எடுப்பதற்கு இங்கே காலையில் உபரி ஒளி என ஒன்றில்லை. வேட்டியே முழத்துண்டாக இருக்கும்போது அதிற் கிழித்துச் சால்வை தைப்பது எவ்வாறு?

எனினும் அரசாங்கத்தின் கணக்கையும் நியாயமாகக் கேட்கவேண்டும். நம் நாட்டிலே மின்சாரத் தேவை உச்சத்துக்கு ஏறுவது மாலை ஆறரை முதல் இரவு பத்தரை வரையிலான வேளையில். மக்கள் உறங்கப் போவது மணிக்கூட்டைப் பார்த்து. விளக்கேற்றுவது இருட்டைப் பார்த்து. மணிக்கூட்டை முன்தள்ளினால் இருட்டு ஏழரைக்கு வரும், உறக்கம் பழையபடி பத்துக்கு வரும், இடையில் ஒரு மணி நேர விளக்கு மிச்சம். கணக்கு மாலைப்பொழுதுக்குச் சரிதான். காலையிலே பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஆயத்தப்படுத்தும் தாய்மார் அதே மிச்சத்தை அடுப்படி விளக்கில் செலவிட்டுவிடுவர் என்பதை எவர் கணக்கிற் சேர்த்தனரோ அறியோம். பாடசாலை ஏழரைக்குத் தொடங்கும். தை மாத இறுதியில், அரைமணி தள்ளிய கணக்கின்படி, நம் பகுதியிற் சூரியன் எழுவதே ஏழு மணிக்கு. இரண்டு மூன்று கட்டை நடந்து செல்லவேண்டிய பிள்ளை ஆறரைக்கு, கும்மிருட்டில், புத்தகப் பையோடு இறங்கவேண்டும். விடியாத தெருவில் நாயையும் பாம்பையும் அஞ்சி நடந்து வந்த பிள்ளைகள் முதலாம் பாடத்திலே கண் செருகுவதை, அக்காலத்தில் வகுப்பறையில் நின்ற ஆசிரியர் எவரும் மறந்திரார். நாட்டின் பெற்றோர் இதைச் சொல்லியே ஆண்டுக்கணக்காய் முறையிட்டனர்.

இவ்வளவும் மின்சாரம் உள்ள ஊர்களின் கதை. வன்னிப் பெருநிலத்திலும் முசலியிலும் அக்காலத்தில் மிச்சம் பிடிக்க மின்சாரமே இருக்கவில்லை. மண்ணெண்ணெய் பொருளாதாரத் தடையில் அகப்பட்டிருந்தது. பற்றரியும் தடை செய்யப்பட்டிருந்தமையால் சுவர் மணிக்கூடுகள் பல ஓடவேயில்லை. மின்சாரத்தைச் சேமிப்பதற்காக மணிக்கூட்டைத் திருகச் சொல்லும் கட்டளை, மின்சாரமும் இல்லாமல் மணிக்கூடும் ஓடாமல் கிடந்த ஒரு மக்களை நோக்கி விடுக்கப்பட்டது. அக்கட்டளை அங்கே செல்லவில்லை. விடுதலைப் புலிகளின் ஆட்சி நிலவிய இடங்களிலெல்லாம் பழைய நேரமே தொடர்ந்தது. இவ்வாறாக 1996 மே மாதம் தொடங்கி இச்சிறு தீவில் இரண்டு நேரங்கள் நடமாடின. அதற்குச் சற்று முன்னரே அரச படையினர் வசமாகிய யாழ்ப்பாணத்துக்குப் புதிய நேரம். அதற்குத் தெற்கே வன்னிக்குப் பழைய நேரம். அதற்கும் தெற்கே வவுனியாவிற் மறுபடி புதிய நேரம். மன்னார்த் தீவில் புதியது. உயிலங்குளம் சோதனைச் சாவடியைக் கடந்தால் பழையது. பாக்குநீரிணைக்கு அப்பால் இராமேசுவரத்திலும் அதே பழைய நேரம், இந்தியா தன் மணிக்கூட்டைத் தொடாதபடியால். மாவட்ட எல்லையைக் கடப்பவர் அடையாள அட்டையோடு மணிக்கூட்டையும் கையிலெடுத்து நின்ற காட்சியை வருங்காலப் பிள்ளைகள் நம்புவரோ?

போர்நிறுத்த உடன்படிக்கை 2002 பெப்ரவரியில் ஒப்பமாகிப் பாதைகள் திறந்தபின் இந்த வேடிக்கை உச்சத்தை அடைந்தது. கலியாணத்துக்கு அழைப்போர், "பத்தரைக்கு முகூர்த்தம்" என்று சொல்லி நிறுத்த இயலாது. பழைய பத்தரையா புதிய பத்தரையா என்று கேட்டறியவேண்டும். ராகுகாலத்தின் பாடு சொல்லுந்தரமன்று. திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை என்பது நாட்காட்டிக்காரர் அச்சிட்ட நேரம். அது புதிய நேரமாயின் எட்டு முதல் ஒன்பதரை வரை ஆகும். இரண்டுக்கும் அஞ்சியவர் ஏழரை முதல் ஒன்பதரை வரை வீட்டை விட்டு இறங்காதிருந்தனர். ராகுவுக்கு அரைமணி நேர இலாபம். ஏற்கெனவே வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கங்களை வைத்துக்கொண்டு ஆண்டுப் பிறப்பையே இருவேறு நாழிகையிற் கொண்டாடும் சமூகம் இது. இரண்டு பஞ்சாங்கமும் இரண்டு மணிக்கூடும் பெருக நான்கு. தெற்கிலோ, நண்பகலுக்குப் பின் உணவு கொள்ளாத நோன்புடைய பிக்குமாருக்கு, 1996இல் மணிக்கூட்டு நண்பகல் உண்மை நண்பகலுக்கு ஒரு மணிக்கு மேல் முந்திவிட்டது. பள்ளிவாசல்களுக்குச் சிக்கல் வேறுவகை: சூரியன் உச்சி சாய்ந்தாலன்றி லுஹர்ப் பாங்கு இல்லை. பன்னிரண்டேகாலுக்குச் சொன்ன பாங்கு ஒன்றேகாலுக்குப் போயிற்று. சமயங்கள் யாவும் சூரியனோடு நின்றன. கச்சேரியும் பேருந்தும் மட்டும் வர்த்தமானியோடு சென்றன.

மணிக்கூட்டை அரசு திருகுவது இத்தீவுக்குப் புதிதன்று என்பதையும் இங்கே குறிக்கலாம். 1906ஆம் ஆண்டுக்கு முன் இலங்கையின் நேரம் மொறட்டுவையின் நேரம்; கிரீனிச்சுக்கு 5 மணி 19 நிமிடம் 32 விநாடி முந்தியது. சிலாவத்துறையும் ஏறத்தாழ அதே நெட்டாங்கில் இருப்பதால், அக்கணக்கின்படி நம்மூர்ச் சூரியனுக்கும் நாட்டு மணிக்கூட்டுக்கும் பிணக்குச் சில விநாடிகளே. 1906இல் இந்தியாவோடு சேர்ந்து ஐந்தரை மணிக் கணக்கு வந்தது. பத்து நிமிடம் போயிற்று. யுத்த காலத்தில், 1942 சனவரி 5ஆம் திகதி அரைமணி, செப்டெம்பரில் மேலும் அரைமணி. 1945 ஒக்டோபர் 16ஆம் திகதி யுத்தத்தோடு அந்த நேரமும் முடிந்தது. வாங்கிய கடனை முழுமையாகத் திருப்பியதில் வெள்ளைக்காரன் இவ்விடயத்திலாவது ஒழுங்கானவன் எனலாம்.

இவற்றுக்கெல்லாம் முந்திய ஒரு நேரக் கணக்கு நம்முடைய கரையிலேயே இருந்தது. முத்துக்குளிப்புக் காலத்திலே அரிப்புக் கரையில் இரவு பத்து மணியளவில் ஒரு பீரங்கி முழங்கும் என்று, 1803இல் வெளியான தம் நூலில் றொபேட் பேர்சிவல் எழுதியிருக்கிறார். அவ்வொலி கேட்டதும் தோணிகள் கரைக்காற்றைப் பிடித்துப் பார்களை நோக்கிப் புறப்படும். விடியுமுன் அங்கே சென்று நிற்கும். சூரியன் ஏறியதும் குளியாட்கள் கல்லைக் காலிற் கட்டி இறங்குவர். நண்பகலில் மறு அடையாளம் கிடைத்ததும் குளிப்பு நிற்கும். அவ்வேளைக்குக் கடற்காற்று எழுந்து தோணிகளைக் கரைக்குத் தள்ளிவரும். ஆயிரக்கணக்கானோர் ஒருங்கே உழைத்த அத்தொழிலுக்குக் காற்றின் திசைமாற்றமே மணிக்கூடு; பீரங்கி அதற்கு வாயாக அமைந்ததேயன்றி எசமானாக அமைந்ததில்லை. கவர்னர் நோர்த் கட்டிய மாளிகை அரிப்பில் இன்றும் இடிந்து நிற்கிறது. அல்லிராணிக் கோட்டை என்பர் நம்மவர். எத்துணை அதிகாரம் படைத்த கவர்னராயினும், கரைக்காற்றை அரைமணி முந்தி வீசச் செய்ய அவர் முயன்றதாக வரலாறு இல்லை.

இனி, கூறத் தயங்கிய ஒன்றைக் கூறவேண்டியிருக்கிறது. 1990 ஒக்டோபர் மாத இறுதியில் வடமாகாணத்து முஸ்லிம்கள் யாவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தவருக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். முசலியிலிருந்து போன எங்கள் குடும்பங்கள் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் ஒதுங்கின. என் மாமா ஒருவர் அவ்வாறு போகையில் கொண்டு சென்ற பொருள்களில் சாவி கொடுக்கும் கைமணிக்கூடு ஒன்றும் அடக்கம். 1996இல் நாடெங்கும் முட்களைத் திருப்பியபோது அவர் திருப்ப மறுத்துவிட்டார். "இது ஊர் நேரம், ஊருக்குப் போகும்போது மாத்தாமலே போகலாம்" என்பது அவர் வாதம். சிலாவத்துறையும் புத்தளமும் ஏறத்தாழ ஒரே நெட்டாங்கில், 80 கிலோமீற்றர் இடைவெளியில் உள்ளவை. இரண்டிடத்துக்கும் சூரியன் வருவதில் வேறுபாடு இரண்டு நிமிடமும் இராது. மணிக்கூட்டிலோ முதலில் ஒரு மணியும் பின்னர் அரை மணியும் வேறுபாடு. முகாமிலே அவர் நேரம் கேட்பதற்கு ஆகாத மனிதராகிவிட்டார். காலைப் பேருந்தை அவர் தவறவிட்ட தடவைகளுக்குக் கணக்கில்லை. பேருந்தே முந்திப் போய்விட்டது என்றுதான் ஒவ்வொரு முறையும் சொல்வார்.

போர்நிறுத்தக் காலத்தில், 2003ஆம் ஆண்டளவில், துணிந்து ஊர் திரும்பிய சிலருள் அவரும் ஒருவர். சிலாவத்துறை அப்பொழுது புலிகளின் கையில் இருந்தது. வழியிற் சாவடியொன்றில் நின்ற இளைஞன் ஒருவனிடம் நேரம் கேட்டிருக்கிறார். அவன் சொன்ன நேரமும் அவர் கையிலிருந்த நேரமும் நிமிடம் பிசகாது ஒத்திருந்தன. ஏழாண்டு காலம் அவர் ஊருக்காகக் காத்துவைத்த நேரத்தை, அவரை ஊரை விட்டு அனுப்பியவர்களும் அவ்வளவு கவனமாகவே காத்துவைத்திருந்தனர்! இதை எங்களிடம் சொன்னபோது மாமா சிரிக்கவில்லை. மணிக்கூட்டைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாராம்.

அரைமணி வேறுபாடு ஒரு நாட்டின் பிளவைக் காட்டுமா என்று கேட்பவர் வெளியுலகத்தையும் நோக்கலாம். வடகொரியா 2015இல் அரைமணி பின்வாங்கித் தனி நேரம் வகுத்துக்கொண்டது. 2018 மே மாதத்தில், தென்கொரியாவோடு பேச்சு மலர்ந்த வேளையில், அதனைக் கைவிட்டது. லெபனானில் 2023 மார்ச் மாதம், நோன்பு காலத்தை எண்ணிக் கோடை நேரத்தைப் பிற்போட அரசு முனைந்தபோது மரோனைற் திருச்சபை ஏற்க மறுத்தது. சில நாட்களுக்கு அந்நாட்டில் ஒரே தெருவில் இரண்டு நேரங்கள் வழங்கின. அங்கே சில நாட்களில் தீர்ந்தது இங்கே பத்தாண்டுகளை எட்டியது. நேரம் என்பது சூரியனைப் பற்றிய செய்தி என எண்ணியிருந்தோம். எவருடைய உத்தரவு எந்த மரத்தடி வரை செல்லும் என்பதைப் பற்றிய செய்தியாகவும் அது இருந்தது. ஒரே வெயிலில் நின்ற இரு காவலர் தத்தம் கையைப் பார்த்து இருவேறு மணி சொன்னதும் அதனாலேயே.

கடைசியில் 2006 ஏப்ரில் 15ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, நள்ளிரவு பன்னிரண்டரைக்கு இலங்கையின் மணிக்கூடுகள் பன்னிரண்டுக்குத் திரும்பின. அவ்வாண்டின் பெயர் விய. செலவு என்று பொருள். செலவு எனப் பெயரிய ஆண்டில் அரைமணி வரவு வந்ததைச் சோதிடர் எவ்வாறு கொண்டனரோ! கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் இம்மாற்றத்தை விரும்பவில்லை. கிரீனிச்சோடு அரைமணிப் பின்னம் இருப்பது உலகத்தோடு கணக்குப் பார்ப்பவர்க்கு இடைஞ்சல் என்பது அவர் கருத்து. விண்வெளியைப் பற்றி எழுதியவர்க்கு அது இடைஞ்சலே. இருட்டில் நடந்த பிள்ளைகளுக்கு அது விடிவு. வர்த்தக வட்டாரமும் வெளிநாட்டுத் தொடர்பும் பெரிதெனக் கருதுவோர் இன்றும் அவர் பக்கம் பேசக்கூடும். காலை ஆறரைக்குச் சிலாவத்துறை வீதியில் ஒரு மாதம் நடந்துவிட்டு அவர்கள் பேசட்டும்.

மாமாவின் மணிக்கூடு அன்று நாட்டின் மணிக்கூட்டோடு ஒன்றாயிற்று. அவர் திருகவில்லை, நாடு திருகிற்று. ஊரெல்லாம் இதைச் சொல்லி மகிழ்ந்தார். அம்மகிழ்ச்சி பதினேழு மாதமே நீடித்தது. 2007 செப்டெம்பரில் அரச படையினர் சிலாவத்துறையைக் கைப்பற்றிய வேளையில் முசலி மக்கள் மறுபடியும் மூட்டை கட்டினர். இம்முறை எல்லோர் மணிக்கூட்டிலும் நேரம் ஒன்றாகவே இருந்தது என்பதைத் தவிர முன்னையதற்கும் இதற்கும் வேறுபாடு காண்பது அவருக்கு எளிதாயிருக்கவில்லை.

2022ஆம் ஆண்டில், பதின்மூன்று மணி நேர மின்வெட்டு வந்த நாட்களில், பழைய அனுபவம் உடையோர் பலர் அடுத்து மணிக்கூட்டில் கைவைப்பார்களோ என்று அஞ்சினர். எவரும் வைக்கவில்லை. மணிக்கூட்டைத் திருகினால் எரிபொருட் கப்பல் வராது என்பது அதிகாரத்தில் இருந்தோருக்கும் தெரிந்திருந்தது போலும்.

மாமா இப்பொழுது இல்லை. ஊரில் மீளக் குடியேறிய வீட்டில் மாமி இருக்கிறார். தொடக்கத்தில் நாம் கண்ட, ஈரக் கையோடு ஓடிவந்த தாய் அவரே. நேரம் மாற்றிய கதையை மகன் ஒவ்வோர் ஆண்டும் விளக்கிச் சலித்தான். "உங்கட அரசாங்கம் மாத்தினா நீ மாறு, எனக்கு இஷாத் தொழுது, சாப்பிட்டு முடிய எட்டரை" என்று மாமி ஒருநாள் தீர்த்துச் சொல்லிவிட்டார். அன்று முதல் அவன் மாரியில் மூன்று மணிக்கும் கோடையில் நான்கு மணிக்கும் அழைக்கிறான்.